இறங்கப் பழகுதல்

வன்னியில் என் வயதுப் பெண்களிடம் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் யோசிப்பார்கள். அக்கராயனில் எங்கள் ஒழுங்கையில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “மோட்டச்சைக்கிள் எடுத்தாப் பிறகு விட்டாச்சு.”

யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் மீளக்குடியேறி வந்தபோது சைக்கிள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தறப்பாள் கொட்டிலுக்குள் பாய் இருந்ததோ இல்லையோ, வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. நிவாரணமாகக் கிடைத்தது, பழசு இரண்டைக் கழற்றி ஒன்றாகப் பூட்டியது, வவுனியாவில் கடனுக்கு எடுத்தது என்று பல வகை. பிறகு பெரிய வீதிகளுக்குக் காப்பற் போட்டார்கள். கிளிநொச்சி நகரில் லீசிங் கம்பனிகள் வரிசையாகக் கடை திறந்தன. முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். இளம் பிள்ளைகள் ஸ்கூட்டி எடுத்தார்கள். சைக்கிள் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போனது. அதை யாரும் விற்கவுமில்லை, எறியவுமில்லை. ஹாண்டிலில் கொடிக்கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டோம்.

என்னுடைய லுமாலாச் சைக்கிளும் 2022 வரை அப்படித்தான் கிடந்தது.

அந்த ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்கும் வரிசை. என் கணவர் எரிபொருள் நிலையத்து வாசலில் வண்டியை விட்டுவிட்டு இரவு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுத் திரும்பிப் போவார். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பள்ளிக்கூடம் இரண்டு கட்டைக்கு அங்கால். நடந்தேன், வெயில் பழகவில்லை. ஒரு சனிக்கிழமை கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சைக்கிளைச் சந்திக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

சைக்கிள் கடை அண்ணைக்கு அந்த நாட்களில் தலைநிமிர நேரமில்லை. கடைக்கு முன்னால் என்னுடையதைப் போலச் செத்த சைக்கிள்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அவர் என்னுடையதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். சங்கிலி கறகறவென்று பாதியில் இறுகி நின்றது. ரயர் இரண்டும் வெடித்து நூல் தெரிந்தது.

“ரயர் ரெண்டு, ரியூப் ரெண்டு, பிறேக் கட்டை நாலு. சங்கிலியை மண்ணெண்ணெய்க்குள்ள போட்டுப் பாப்பம். கப்புக்குள்ள போல்ஸ் எல்லாம் தேஞ்சிருக்கும், ரீச்சர்.”

பின்னேரம் எடுக்கப் போனபோது சீற் முழுக்கப் பதிந்திருந்தது.

“என்னண்ணை, சீற்றை இவ்வளவு பதிச்சு விட்டிருக்கிறியள்?”

“இருந்தபடி ரெண்டு காலும் முழுசா நிலத்தில முட்டவேணும், ரீச்சர்.”

“நான் என்ன சின்னப்பிள்ளையே? தொண்ணூற்றேழில மல்லாவியில இருந்து மா மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வந்தனான்.”

“அது தொண்ணூற்றேழு. ஓடுறதில ஒரு பிரச்சினையும் வராது, நீங்கள் ஓடுவியள். நிப்பாட்டேக்கதான் விழுவியள்.”

சைக்கிளுக்குத் திரும்பி வருகிறவர்களைப் பற்றி நான் பிறகு வாசித்ததெல்லாம் இந்த ஒரு வசனத்துக்கான விளக்கம்தான் என்று சொல்லலாம்.

நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அறுவடை இல்லாத நாட்களில் அதில் நாயும் மாடும்தான் படுத்திருக்கும். மகளின் பழைய பஞ்சாபியைப் போட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து அங்கே போனேன். இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் நிலத்தை உந்தி, ஏறினேன். அவ்வளவுதான். உடம்பு தானாகவே மிச்சத்தைச் செய்தது. முழங்கால் கொஞ்சம் முறைப்பட்டது, மூச்சு வாங்கியது. ஆனால் சைக்கிள் நேராகப் போனது. தளத்தின் மறு விளிம்பு கிட்ட வந்தபோதுதான் கதை மாறியது. பிறேக்கைப் பிடித்தேன், வேகம் குறைந்தது, ஹாண்டில் இரண்டு பக்கமும் வெட்டத் தொடங்கியது. எந்தக் காலை எடுப்பது என்று கால்களுக்குத் தெரியவில்லை. சீற் பதிந்திருந்ததால் இரண்டு காலையும் ஊன்றித் தப்பினேன்.

ஏன் ஓடுவது மறக்கவில்லை என்பதற்கு வைத்தியர்கள் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்வார்கள். 1953 இல், வலிப்பு நோய்க்காக அவருக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக எதுவும் அவருடைய நினைவில் தங்கவில்லை. காலையில் கண்ட ஆளை மத்தியானம் தெரியாது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் விம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு கீறவேண்டும். கை எதிர்ப்பக்கம் போகும், எவருக்கும் முதலில் சரிவராது. மொலேசன் நாளுக்கு நாள் அதில் தேறினார். ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். பெயர், திகதி, முகம் இவையெல்லாம் ஓரிடத்தில் தங்க, கைகால் பழகிய வித்தை வேறிடத்தில் தங்குகிறது என்பது அப்படித்தான் தெளிவானது. சிறுமூளையும் மூளையின் அடியாழத்தில் இருக்கும் சில கருக்களும் அதைக் காக்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் உழக்காமல் விட்டாலும் அது அழிவதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் சிலருடைய பெயர் எனக்குத் தடக்குகிறது. பெடல் தடக்கவில்லை.

அப்படியானால் இறங்குவது மட்டும் ஏன் சிக்கல்? அது சைக்கிளின் குணம். சைக்கிள் நிமிர்ந்து போவது நாங்கள் உடம்பை அசையாமல் வைத்திருப்பதால் அல்ல. எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம் ஹாண்டிலைத் திருப்புவதால். இடப்பக்கம் சாய்ந்தால் முன்சில்லும் சற்று இடப்பக்கம் திரும்பும். சில்லுகள் மறுபடி எங்கள் பாரத்துக்கு நேர் கீழே வந்துவிடும். வேகம் இருந்தால் மயிரளவு திருப்பம் போதும், அதைச் சைக்கிள் தானே செய்துகொள்ளும். சுழலும் சில்லின் விசைதான் இதற்குக் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். 2011 இல் அமெரிக்காவின் கோர்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ற் பல்கலைக்கழகக்காரர் சேர்ந்து அந்த விசையை இல்லாமல் செய்த ஒரு சைக்கிளைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். ஆளில்லாமலே அது விழாமல் ஓடியது. அதாவது, காரணம் அந்த ஒன்றல்ல. எது எப்படியோ, வேகம் குறையக் குறையத் திருப்பம் பெரிதாகவும் விரைவாகவும் இருக்கவேண்டும் என்பது மட்டும் உறுதி. நடை வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் சைக்கிளின் உதவி தீர்ந்துவிடும். மிச்சத்தை எங்கள் கண்ணும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், கணுக்காலும்தான் செய்யவேண்டும். ஐம்பது வயதில் மந்தமாகத் தொடங்குவது இந்த மூன்றும்தான்.

பயந்தவர்கள் மெதுவாக ஓடுவார்கள், அதனாலேயே ஆடுவார்கள். ஆடுவதைக் கண்டு இன்னும் பயப்படுவார்கள். சைக்கிள் கடை அண்ணை சீற்றைப் பதித்துவிட்டதன் கெட்டித்தனம் அங்கேதான். 1817 இல் ஜேர்மனியின் மன்ஹைமில் கார்ல் டிரைஸ் செய்த முதல் இருசில்லு வண்டிக்குப் பெடலே இல்லை. இரண்டு காலாலும் நிலத்தை உந்தி உந்தித்தான் ஓடினார்கள். நானும் சில பின்னேரங்கள் பெடலைத் தொடாமல் அப்படியே தள்ளித் தள்ளித் தளத்தைச் சுற்றினேன். மெதுவாகப் போவதையும் நிற்பதையும் கால் வைப்பதையும் மட்டும் பழகினேன். மாடுகள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன.

இதை வட்ஸ்அப்பில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவள் ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகள். எண்பதுகளில் பதின்மூன்று வயதில் போனவள். அங்கே பள்ளிக்காலத்தில் சில்லுச் சப்பாத்துப் போட்டு ரோலர் ஸ்கேற்றிங் ஓடியிருக்கிறாள். கலியாணம், இரண்டு வேலை, மூன்று பிள்ளைகள் என்று முப்பது வருடம் விட்டுவிட்டு, 2020 இல் கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது மறுபடி சப்பாத்து வாங்கினாள். அப்போது உலகம் முழுக்க அந்தச் சப்பாத்துக்குத் தட்டுப்பாடு. கோடையில், கார்டினர் விரைவுச்சாலை மேம்பாலத்தின் கீழே இருக்கும் பென்ற்வே என்ற திடலில் ஓடுகிறாள். பனிக்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு.

“அக்கா, உங்கட நெல்லுத் தளம்தான் உங்கட திடல்.”

“நீ முதல்ல பழகினது என்ன?”

“விழுறது. பிறகு நிக்கிறது. ஓடுறது கடைசி.”

அவளுடைய திடலில் ஐம்பது வயதுக்காரர் வந்தால் முதலில் கையில் கொடுப்பது மணிக்கட்டுக் கவசமாம். முழங்காலை மடக்கி, பின்பக்கமாக அல்ல, பக்கவாட்டில் சரிந்து விழப் பழக்குவார்களாம். சில்லுச் சப்பாத்தின் சரித்திரமே நிற்கத் தெரியாமல்தான் தொடங்கியது. பெல்ஜியத்துக்காரரான ஜோன் ஜோசஃப் மெர்லின் 1760களில் லண்டனில் ஒரு விருந்துக்குத் தான் செய்த சில்லுச் சப்பாத்தில், வயலின் வாசித்துக்கொண்டே நுழைந்தாராம். திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெரிய விலையுயர்ந்த கண்ணாடி ஒன்றில் போய் மோதி, கண்ணாடியையும் வயலினையும் உடைத்துத் தானும் காயப்பட்டார் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற கதை. நூறு வருடம் கழித்து, 1863 இல், நியூயோர்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்ரன் சப்பாத்தின் அடியில் ரப்பர் மெத்தை வைத்து, ஆள் சாய்ந்த பக்கமே சில்லுகளும் திரும்பும்படி செய்தார். சாய்ந்தால் திரும்பவேண்டும் என்ற அதே கணக்குத்தான் என் லுமாலாவிலும். அதற்குப் பிறகுதான் சாதாரண ஆட்கள் சில்லுச் சப்பாத்தைப் போட்டார்கள். அந்த விளையாட்டில் உலகச் சம்பியன் ஆனவர்களில் ஒரு சென்னைப் பிள்ளையும் உண்டு: 2025 செப்ரெம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீற்றர் விரைவோட்டத்தில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார். தங்கச்சி அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவைத்தாள். அந்த வேகத்தை விட்டுவிட்டு, எல்லைக்கோட்டுக்குப் பிறகு எப்படி நிற்கிறான் என்றுதான் நான் பார்த்தேன்.

மணிக்கட்டுக் கவசம் பகிடி இல்லை. விழுகிறவர் எவரும் கையைத்தான் முதலில் நீட்டுவார். உடம்பின் முழுப் பாரமும் விரித்த உள்ளங்கையில் இறங்கும். முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும். இந்த முறிவை 1814 இல், எக்ஸ்ரே கண்டுபிடிக்க எண்பது வருடம் முன்னமே, டப்ளின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏபிரகாம் கோலிஸ் வெறும் கையால் தடவிப் பார்த்து எழுதிவைத்தார். இன்றும் அதற்கு அவருடைய பெயர்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். ஈஸ்ட்ரஜன் குறைந்தவுடன் எலும்பும் கரையத் தொடங்கும். முதல் ஐந்து தொடக்கம் ஏழு வருடத்துக்குள் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். பத்து வயதில் விழுந்தால் தோல்தான் உரியும். ஐம்பத்திரண்டில் விழுந்தால் ஆறு கிழமை மாவுக்கட்டு.

சின்ன வயதில் எங்களுக்கு இறங்குவது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வரவே இல்லை என்பதுதான் சரி.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு பெற்றோல் எங்கள் பக்கம் வருவது நின்றது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கும் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு வருடம், வன்னி உழக்கித்தான் ஓடியது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை போன திக்கைப் பார்த்தே யார் போகிறார் என்று சொல்லலாம். மற்ற எல்லோருக்கும் சைக்கிள். பற்றரி இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது சைக்கிளில் ஏற்றியவை: அரிசி, தையல் மெஷின், ஆச்சி. அடுத்த வருடம் அவர்களில் நிறையப் பேர் கிளாலிக் கடலைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. நகர மக்கள் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் வந்தார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியே அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. குளமும் வயலும் நாலு கடையுமாக இருந்த ஊர், சில கிழமைக்குள் நகரமாகிவிட்டது. மர நிழலெல்லாம் கொட்டில்.

அதோடு மலேரியா. குளிர் காய்ச்சலில் பல்லுக் கிட்டித்துப்போன ஆட்களை ஒழுங்கைக்கு ஒழுங்கை சைக்கிளில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவவைக் கரியரில் இருத்தி, மயங்கிச் சரியாமல் இருக்க அவவின் சேலைத்தலைப்பால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உழக்கினேன். முதுகில் அவவின் சூடு ஏறியது. மாரி தொடங்கியிருந்தது, மண் வீதி முழுக்கக் கிடங்கு. அப்படிப் பாரத்தோடு வருகிறவர் தனியாக இறங்க முடியாது. வேகம் குறைந்தால் சைக்கிள் பாரத்தோடு சேர்ந்து விழும். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். யார் வருகிறார் என்று பார்க்கமாட்டார்கள். ஓடிவந்து ஹாண்டிலைப் பிடிப்பார்கள், ஒருவர் கரியரில் இருப்பவரைத் தாங்குவார், அதற்குப் பிறகுதான் நாங்கள் காலை எடுப்போம். மா மூட்டைக்கும் அப்படித்தான், தண்ணிக் கானுக்கும் அப்படித்தான். ஓடுவது எங்கள் வேலை. நிப்பாட்டுவது வாசலில் நிற்பவரின் வேலை.

2008 இல் சண்டை எங்கள் பக்கம் வந்தபோது அதே சைக்கிளில் மறுபடி வீட்டைக் கட்டி ஏற்றிக்கொண்டு கிழக்கே போனோம். தர்மபுரம், விசுவமடு, அதற்கும் அப்பால். அந்தச் சைக்கிள் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் எங்கேயோ நின்றுவிட்டது. யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பக்கம் சைக்கிள்களைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. துருப்பிடித்து ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, ஆளுயரத்துக்கு. நான் போய்ப் பார்க்கவில்லை.

சைக்கிள் என்றால் தேவை என்றுதான் ஊர் பழகியிருந்தது. ஆகவே, 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறை நின்று, எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிய பிறகும் நான் சைக்கிளை விடாமல் ஓடியபோது ஊருக்கு அது விளங்கவில்லை. கரியரில் ஒன்றுமில்லை. எரிபொருள் இருக்கிறது. கணவர் இருக்கிறார், மகனிடம் வண்டி இருக்கிறது. பிறகு ஏன்? “எங்க ரீச்சர் போறியள்?” என்று கேட்பார்கள். “சும்மா” என்பேன். சும்மா என்ற பதில் வன்னியில் ஒரு சைக்கிள்காரி சொல்லக் கூடாத பதில். வீட்டில் ஏதோ பிரச்சினையாம் என்று ஒரு கதையும் ஓடியது. அதை நான் திருத்தப் போகவில்லை.

பெண் சைக்கிள் ஓடினால் ஊர் பேசுவது வெறும் எங்கள் ஊர்க் குணமல்ல. 1991 இல், தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் நகரத்து வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள் நிறைய. பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கேயும் ஏச்சும் பேச்சும் குறைவில்லை. எண்பது தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்த ஏச்சு எங்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. தேவை வந்து எங்கள் வாசலில் நின்றது, ஊர் வாயை மூடிக்கொண்டது. தேவை இல்லாமல் ஓடும்போதுதான் ஊருக்கு வாய் திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் மது எதிர்ப்பு இயக்கத்தை நடத்திய பிரான்சிஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் பழகி, 1895 இல் அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். அந்தக் காலத்துப் பாவாடையோடு அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் சேலையோடு பள்ளிக்கூடம் போகிறேன். பின்சில்லுக்கு வலை கட்டியிருக்கிறேன், கொய்யகத்தை உயர்த்திச் செருகுகிறேன், இருந்தும் இறங்கும்போது ஒரு கை சேலைக்குப் போய்விடும். அந்த ஒரு கை ஹாண்டிலில் இல்லாத கணம்தான் ஆபத்து. இறங்கி நின்ற பிறகு சேலையைப் பார்க்கலாம் என்று கைக்குச் சொல்லிக் கொடுப்பது, காலுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கில் ஒரு நல்ல கணக்கு உண்டு. கோப்பன்ஹேகனிலும் ஓகுஸிலும் 50 முதல் 65 வயது வரையான 50,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பல வருடம் கவனித்தார்கள். அதுவரை ஓடாமல் இருந்து, அந்த வயதில் சைக்கிளுக்கு வந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இருதய நோய், ஓடாதவர்களைவிட ஏறக்குறைய 26 சதவீதம் குறைவாக வந்தது. நீரிழிவு 20 சதவீதம் குறைவு. 2016 இல் வெளிவந்த ஆய்வுகள் இவை. சைக்கிள் ஓடுகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிறவராக இருப்பார், அதையும் கழித்துத்தான் பார்க்கவேண்டும். முழங்கால் நோவுக்கு நடையைவிட இது இதம், ஏனென்றால் பாரம் சீற்றில் இருக்கிறது. அதே காரணத்தால் எலும்புக்கு இது பெரிய உதவி இல்லை. எலும்பு வலுப்பட அதன் மேல் பாரம் விழவேண்டும். ஆகவே சைக்கிள் வாங்கியதற்காக நடையை விடவேண்டாம், தண்ணி வாளியையும் தூக்குங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றில் ஓடப் போகாதீர்கள், சட்டைப்பையில் இரண்டு ரொபி வைத்திருங்கள். பாதம் விறைத்த ஆட்கள் பாட்டாவோடு ஓடாமல் பின்பட்டி உள்ள செருப்புப் போடவேண்டும். இறங்குவது கைவந்த பிறகு சீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். குதிக்காலைப் பெடலின் மேல் வைத்துக் கீழே அழுத்தினால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் அளவு. பதிந்த சீற்றிலேயே மாதக்கணக்காக ஓடினால் முழங்கால் பேசத் தொடங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வீதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதில் பாதி பொய். எங்கள் பக்கம் மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓடுகின்றன. காப்பற் வீதியில் அவை வரும் வேகத்துக்கு எந்த வித்தையும் உதவாது. சத்தம் கேட்டவுடன் ஓரத்துக்குப் போய், இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புழுதி அடங்கிய பிறகு ஏறுவேன். ஒரு தரம் போய் வருவதற்குள் பலமுறை ஏறி இறங்கவேண்டியிருக்கும். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். இருட்டில் ஓடுவதில்லை. பழைய டைனமோ வெளிச்சம் சைக்கிள் நின்றால் தானும் அணைந்துவிடும், அதாவது எங்களுக்கு வெளிச்சம் மிகத் தேவையான நேரத்தில் அது இல்லை. இப்போது பற்றரியில் மினுங்கும் சிவப்பு லைற் மலிவாகக் கிடைக்கிறது, பின்னால் ஒன்று பூட்டுங்கள். வீதி ஓரத்தில் படுத்திருக்கும் மாடு எழும்புகிற பக்கத்தை யாராலும் ஊகிக்க முடியாது. அதற்கும் இறங்குவதுதான் வழி.

சென்ற வருடம் பக்கத்து வளவு அக்காவும் சேர்ந்துகொண்டார். அறுபதைத் தாண்டியவர். 1977 கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து சிறுமியாக இங்கே வந்தவர், தேயிலை மலையில் யார் சைக்கிள் ஓடினார்கள் என்று கேட்பார். இங்கே வந்த பிறகும் அவருக்குப் பழகக் கிடைக்கவில்லை. எப்போதும் யாருடையதோ கரியரில்தான். ஆகவே அவருடைய உடம்புக்கு நினைவுபடுத்த ஒன்றுமில்லை, எல்லாம் புதிது. ஆனால் ஒரு விசயத்தில் அவர் என்னைவிட வேகம். மறக்கவேண்டிய பழக்கமும் அவரிடம் இல்லை. நெல்லுத் தளத்தில் முதல் பழகியதே நிற்பதும் இறங்குவதும். ஹாண்டிலை யாராவது பிடிப்பார்கள் என்று அவர் காத்திருப்பதில்லை.

இப்போது தனியாகக் கூட்டுறவுக் கடைக்குப் போய் வருகிறார். போவது சுகம், எல்லாம் இடப்பக்கத் திருப்பம். வரும்போது வீதியைக் குறுக்கே வெட்டி வலப்பக்கம் திரும்பவேண்டும்.

“ஏறிடுறேன் டீச்சர், எறங்கிடுறேன். அந்த வலது பக்கம் திரும்புறதுதான் இன்னும் வர மாட்டேங்குது.”

“பிறகு என்ன செய்யிறனீங்கள், அக்கா?”

“என்ன செய்யிறது, எறங்கி உருட்டிக்கிட்டு வர்றேன். பின்னாடி ஹோன் அடிக்கிறவன் அடிச்சிட்டுப் போறான்.”